சாமுண்டீஸ்வரியின் ஓட்ஸ் குளியல்

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் பிறந்ததும் சாமுண்டீஸ்வரிக்கு அரிப்பு ஆரம்பித்தது. வயிறு விரிந்த கோடுகளில் சிவப்புச் சிவப்பாய்த் தடித்துக் கிளம்பி, ஒரே வாரத்தில் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. தஞ்சோங் பகாரில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு முக்கியமான கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் மேசை விளிம்பில் வயிற்றை மெல்லத் தேய்த்தாள். எதிரே இருந்த மேலாளர், குழந்தை உதைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கைகூப்பாத குறையாகக் கூட்டத்தைப் பாதியில் முடித்துவிட்டார்.

அன்றே டாக்டரிடம் போனாள். அவர் உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளை பெற்றதும் போய்விடும் என்றார். கேலமைன் லோஷன் தடவ வேண்டும், பருத்தி உடை உடுத்த வேண்டும், சுடுதண்ணீரில் குளிக்கக் கூடாது, ஓட்ஸ் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் இதமாக இருக்கும் என்றும் சொன்னார்.

இதில் கடைசி யோசனைதான் அவள் கணவன் ஸ்ரீநாத்துக்குப் பிடித்திருந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. எதையும் செய்து காட்டினால்தான் மனம் ஆறும்.

"நம்ம வீட்ல பாத்டப்பே இல்லையே, எங்க ஊறுறது?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நான் பாத்துக்கறேன் லா. நீ சும்மா இரு."

சனிக்கிழமை காலை சிராங்கூன் ரோட்டுக்குப் போனவன், காற்றடித்து வைக்கும் பிள்ளைகள் நீச்சல்குளம் ஒன்றோடு வந்தான். நீல நிறம், சுற்றிலும் சிரிக்கும் டால்ஃபின்கள். வீவக என்ற அரசாங்க அடுக்குமாடியில் இருந்த அவர்களுடைய வீட்டின் கூடத்தில் சோபாவை ஒதுக்கி அதை விரித்து, ஊதி ஊதியே முகம் சிவந்தான். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு பெரிய பையிலிருந்த ஓட்ஸ் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொட்டினான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. சாமுண்டீஸ்வரி நைட்டியோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

குளிர்ச்சியில் வயிறு அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உலகத்தில் அவளுக்கு யாரோடும் பகையில்லை.

பிறகுதான் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. நாக்கில் தெறித்த துளி இனித்தது.

"ஸ்ரீ, என்ன ஓட்ஸ் வாங்கின?"

"த்ரீ-இன்-ஒன். ஆஃபர் போட்டிருந்தான்."

"அதுல சீனி, பால்மாவு எல்லாம் இருக்கும். கையைக் குடு, எந்திரிக்கணும்."

எழ முடியவில்லை. அடித்தளம் வழுவழுத்தது. பக்கச் சுவரில் கையூன்றினால் டால்ஃபின் மடங்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஸ்ரீநாத் ஒரு காலை உள்ளே வைத்து இழுக்கப் பார்த்தான். கால் சறுக்கி, அவளுக்கு எதிரே சப்பணமிட்டவனாக உட்கார்ந்தான்.

"ஊர்ல உள்ள லிஃப்ட்டெல்லாம் தூக்குற, பொண்டாட்டியைத் தூக்க முடியலையா?"

"லிஃப்ட்டுல பட்டன் இருக்கு சாமு."

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீநாத்தின் அம்மா ரத்தினம்மா, தேக்கா சந்தையில் வாங்கிய வேப்பிலைக் கட்டோடு, திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே வந்தார். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, ரெண்டு பேரும் பாயசத்துல உக்காந்திருக்கீங்க?"

விவரம் கேட்டதும் வேப்பிலையை மேசையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளத்தை ஒரு சுற்று வந்தார். அவருக்கு வழி உடனே தெரிந்துவிட்டது. சுவர் இருந்தால்தானே தொல்லை? காற்று மூடியைப் பிடுங்கிவிட்டார்.

"அம்மா, வேணாம்மா" என்று ஸ்ரீநாத் சொல்லி முடிப்பதற்குள் டால்ஃபின்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. அத்தனை தண்ணீரும் சோபாவின் காலை நனைத்து, செருப்புகளைத் தூக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டி நடைபாதையில் ஓடியது.

ஆனால் சாமுண்டீஸ்வரி எழுந்துவிட்டாள். முட்டி போட்டுத் திரும்பி, மாமியார் கையையும் சோபாவையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பக்கத்து வீட்டு முகமது யூசுப் கம்பிக் கதவருகே வந்து நின்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், சாந்தமான மனிதர். காலடியில் ஓடும் வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, நீங்க குடிவந்து மூணு வருசமாச்சே. இப்பவா பால் காய்ச்சுறீங்க?"

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிறு குலுங்கியது, குலுங்கக் குலுங்க அரித்தது, அரிக்க அரிக்க மறுபடி சிரித்தாள். அதற்குள் ஜன்னலோரம் எறும்புச் சாரையின் முதல் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். ரத்தினம்மா அவளைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் நல்ல தண்ணீர் ஊற்றினார். ஸ்ரீநாத் மாப்பைத் தேடினான்.

விஷயம் தெரிந்ததும் யூசுப் தன் வீட்டுக்குப் போய், ஒரு பெரிய டின் ஓட்ஸோடு திரும்பினார். சீனி, பால் ஒன்றும் கலக்காதது. கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று அவர் மனைவி ஆயிஷா தினமும் காலையில் காய்ச்சிக் கொடுப்பது.

ரத்தினம்மா அதை மிக்ஸியில் பொடித்து, ஸ்ரீநாத்தின் புதுக் கைக்குட்டையில் முடிந்து, வாளித் தண்ணீரில் பிழிந்தார். வேப்பிலையையும் போடவா என்று கேட்டார். "டாக்டரைக் கேட்டுட்டுப் போடுவோம் அத்தை" என்றாள் சாமுண்டீஸ்வரி. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த முடிப்பால் வயிற்றில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அரிப்பு மெல்லத் தணிந்தது. பிறகு லோஷனைப் பூசிக்கொண்டு, வயிறு முழுக்க ரோஸ் நிறமாக, ஃபேனுக்கு அடியில் படுத்தாள். பல நாள் கழித்து அன்றுதான் அவளுக்கு மத்தியானத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. யூசுப் கையில் இன்னொரு டின்னோடு நின்றார்.

"இதையும் வச்சுக்கம்மா. பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்துட்டேன்னா ஆயிஷா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கீழ போய் ரெண்டு பரோட்டா சாப்பிட்டுட்டு வந்துடறேன்."