பின்சீட்டிலிருந்து ஒரு குரல்

“பாயின்ட் மூணு. ஹெடிங் சைபர் ஆறு சைபர். உயரம் பன்னெண்டாயிரம் அடி.”

ஹெட்போனில் ரத்தினவேலின் குரல் கணீரென்று வந்தது. ஆவூரில், தன் அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிளெஸ்ஸி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

தப்பு. சொன்ன அத்தனையும் தப்பு!

பாயின்ட் மூன்றில் இடது பக்கம் ஒடித்து, தாழ இறங்கி, மலைக்குப் பின்னால் ஒளிய வேண்டும். இவரோ உச்சியில் நேராகப் போகிறேன் என்கிறார். நேராகப் போனால் அங்கே ஏவுகணைத் தளம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. ஒன்றல்ல, நான்கு விமானங்களும் காலி.

நிஜ விமானங்கள் இல்லைதான். கம்ப்யூட்டரில் பறக்கும் போர்விமான சிமுலேட்டர். கீழே ஓடும் பாலைவனம் எந்த நாட்டிலும் கிடையாது. ஆனால் ‘வெள்ளாறு ஸ்குவாட்ரன்’ என்ற பெயரில் ஞாயிறு மதியம் ஒன்றுகூடும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஆள் அறந்தாங்கியில் இருந்தாலும் சரி, ஷார்ஜாவில் இருந்தாலும் சரி, ஒருத்தர் சுடப்பட்டால் அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவுக்கு மாலை தொங்கும்.

பிளெஸ்ஸி பறப்பதில்லை. பஸ்ஸில் புதுக்கோட்டை போய் வருவதற்கே எலுமிச்சம்பழம் தேவைப்படும் வயிறு அவளுக்கு. தனியார் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். பறப்பவர்களுக்குத் திட்டம் போட்டுத் தருவது அவள் வேலை. எந்தப் பாயின்ட்டில் எந்தப் பக்கம் திரும்புவது, அந்தத் திசையின் எண்ணான ஹெடிங் என்ன, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசையில் பேசுவது, எரிபொருள் எவ்வளவுக்குக் கீழே போனால் போட்டதைப் போட்டபடி வீடு திரும்புவது (இதற்குப் பெயர் பிங்கோ), எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதுதான் டேட்டா கார்டு. வியாழக்கிழமையே அனுப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோலில் உட்கார்ந்து, மேப்பில் நான்கு விமானங்களும் புள்ளிகளாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஸ்குவாட்ரனின் தலைவர் வசந்தகுமார். புதுக்கோட்டையில் வங்கி அதிகாரி. அவரும் பறப்பதில்லை, ரேடியோவில் மேற்பார்வை மட்டும். ஞாயிறு காலையில் ‘உளவுத் தகவல்’ என்று சொல்லி எதிரியின் ஏதாவது ஒன்றை இடம் மாற்றி வைத்துவிடுவார். உடனே பிளெஸ்ஸி கணக்கைத் திருத்தி, தலைப்பில் மஞ்சள் பூசிய புதுக் கார்டு அனுப்ப வேண்டும். மஞ்சள் வந்துவிட்டால் பழசு குப்பை. இன்றைக்கு அவர் நகர்த்தி வைத்தது அந்த ஏவுகணைத் தளத்தை. பாயின்ட் மூன்றுக்கு அப்புறம் இருந்த அத்தனை எண்களும் மாறிவிட்டன.

முன்னால் பறந்து மற்ற மூவருக்கும் வழிகாட்டுகிற ‘லீட்’ ரத்தினவேல். அவர் படித்தது பழைய கார்டை.

“லீட், மஞ்சக் கார்டுண்ணே. மஞ்சக் கார்டைப் பாருங்க” என்றாள் பிளெஸ்ஸி.



“ம்… மஞ்சதான் தங்கச்சி. பாயின்ட் மூணு. ஹெடிங் சைபர் ஆறு சைபர்.”

“என்னண்ணே, மத்தியானம் பிரியாணி ஓவரா?” ஷார்ஜாவிலிருந்து அஜித் சிரித்தான். ரத்தினவேலின் இறக்கையை ஒட்டி இரண்டாவது விமானத்தில் வருபவன். “கண்ணு சொக்குதுன்னா சொல்லுங்க, நான் வேணா முன்னாடி போறேன்.”

வசந்தகுமார் சிரிக்கவில்லை. பேச்சில் பேங்க் அதிகாரியின் கறார் ஏறிவிட்டது.

“லீட், மஞ்சக் கார்டை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ சத்தமாப் படிங்க. பாயின்ட் மூணுக்குள்ள படிச்சு முடிங்க. இல்லேன்னா அஜித் லீட் எடுத்துக்கட்டும். ரூல் உங்களுக்குத் தெரியும்.”

எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு லீட், கார்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஓட்டி நான்கு பேரையும் மலையில் கொண்டுபோய்ச் சொருகினார். அன்றைக்குப் பிறந்த ரூல் அது. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முன்னால் லீட் கார்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்க முடியாதவர் இறங்கிக்கொள்ள வேண்டும். ரத்தினவேல் லீடாக வந்ததிலிருந்து ஒரு எழுத்துப் பிசகியதில்லை. பேப்பரில் இருப்பதை அச்சடித்த மாதிரி ஒப்பிப்பார்.

இன்றைக்கு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

பிளெஸ்ஸி சட்டென்று போனை எடுத்தாள். வாட்ஸ்அப். ‘என் போனு சின்னது தங்கச்சி, செவந்தி நம்பருக்கே அனுப்பிரு’ என்று அவர் கேட்டுக்கொண்டதால் கார்டு எப்போதும் அவர் மனைவியின் நம்பருக்குத்தான் போகும். காலையில் அனுப்பிய மஞ்சள் கார்டின் கீழே இரண்டு டிக். இரண்டும் சாம்பல் நிறம்.

பார்க்கவே இல்லை!

மைக்கை அணைத்துவிட்டுச் செவந்தியைக் கூப்பிட்டாள். எடுத்ததும் மேளச்சத்தம் காதைக் கிழித்தது.

“ஏம்மா பிளெஸ்ஸி, சொல்லு! திருவரங்கொளத்துல இருக்கேன். எங்க சின்னத்தா பேத்திக்குக் காதுகுத்து. இரு, இங்கிட்டு வாரேன், ஒண்ணுமே கேக்கல.”

“மதினி, காலையில மஞ்சக் கார்டு அனுப்பிச்சேனே. அண்ணன்கிட்டக் காட்டலியா?”

மேளம் சற்றுத் தள்ளிப் போனது. செவந்தியின் குரல் பக்கத்தில் வந்தது. பதறிய குரல்.

“அய்யய்யோ! மஞ்சக் கார்டு வந்துருச்சா? மொத பஸ்ஸுக்கே கெளம்பி வந்துட்டேன்மா, போனப் பாக்கவே இல்ல. நான் இல்லாம அவருக்கு யாரு படிச்சுக் காட்டுவா?”

“படிச்சுக் காட்டணுமா?”

மேப்பில் நான்கு புள்ளிகளும் பாயின்ட் மூன்றை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

“மதினி, சீக்கிரம் சொல்லுங்க. அண்ணனுக்கு என்ன?”

“யார்கிட்டயும் சொல்லிராதம்மா” என்றாள் செவந்தி. “சக்கர கண்ணுக்கு ஏறிருச்சு. மதுரையில லேசர் வச்சும் கேக்கல. சுத்திவரத் தெரியுது, நடுவுல மட்டும் பொகை மாதிரி மறைக்குதாம். பெரிய டிவியில போட்டுக்கிட்டு மலை, வானமெல்லாம் பாத்து ஓட்டிருவாரு. எழுத்துதான் தெரியல. வியாழக்கெழமை கார்டு வந்ததும் நான் படிப்பேன், அவரு மனப்பாடம் பண்ணுவாரு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே அந்த ஹெடிங்கு, பிங்கோன்னு எனக்கே பாடமாயிருச்சு.”

“எங்ககிட்ட ஏன் மதினி சொல்லல?”

“எப்படிச் சொல்லுவாரு? சவூதியில, தம்மாம்ல கிரேன் ஓட்டுனவரு. கண்ணு போச்சுன்னதும் அந்தச் சீட்டுலேருந்து எறக்கி ஊருக்கு ஏத்தி விட்டுட்டாங்க. வந்து எத்தன மாசம் யாருகிட்டயும் பேசாம கெடந்தாரு தெரியுமா? இந்தச் சீட்டு ஒண்ணுதான் இப்ப அவருக்கு இருக்கு. இதுலேருந்தும் எறக்கிருவாங்களோன்னுதான் அவருக்குப் பயம்.”

பிளெஸ்ஸி போனை வைத்தாள்.

ரேடியோவில் வசந்தகுமார் மறுபடியும் கூப்பிட்டார். “லீட், கேக்குதா? படிங்க.”

“படிக்கிறேன்… ஒரு நிமிசம் சார்… இங்க போனு ஏதோ…” ரத்தினவேலின் குரல் உடைந்தது.

எண்களைக் கன்ட்ரோலிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் கேட்கும். ஒரு எண்ணைத் திருத்தினால் பரவாயில்லை. வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஏது என்று வசந்தகுமார் கேட்பார். என்ன செய்வது?

அவர்கள் ஓட்டுவது இரட்டை இருக்கை விமானம். பின்சீட்டு காலியாகத்தான் போகும். வேறு ஊரில் இருந்துகொண்டே யார் வேண்டுமானாலும் அதில் ஏறிக்கொள்ளலாம். பின்சீட்டும் முன்சீட்டும் பேசிக்கொள்வது மற்ற விமானங்களுக்குக் கேட்காது.

பிளெஸ்ஸி கன்ட்ரோலை விட்டு வெளியேறினாள். லீட் விமானம். பின்சீட்டு. க்ளிக்.

மேப் மறைந்தது. திரை முழுக்க வானம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரை சரிந்து கிடந்தது.

“அண்ணே, நான் பிளெஸ்ஸி. பின்சீட்டுல இருக்கேன். இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் கேக்கும்.”

“நீயா? ஒனக்குப் பஸ்ஸுலயே வாந்தி வருமே, நீ எதுக்கு இங்க வந்த?”

“மதினிகிட்டப் பேசிட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள்…

பீப். பீப். பீப்பீப்பீப்!

பாயின்ட் மூன்று வந்தாயிற்று. எதிரி ரேடார் பிடித்துவிட்டது.

“ஏவுகணை! ஏவுகணை!” அஜித் கத்தினான். “வலது பக்கம் பொகை! அண்ணே, எங்கிட்டுப் போறது?”

“அண்ணே, எடது பக்கம் மலைக்குப் பின்னாடி…”

“மலை எனக்குத் தெரியுது. நம்பர மட்டும் சொல்லு!”

“ஹெடிங் சைபர் ரெண்டு சைபர். உயரம் எண்ணூறு.”

“எல்லாரும் என் பின்னாடியே வாங்க” என்றார் ரத்தினவேல் ரேடியோவில். நொடிக்கு முன்பு உடைந்த குரலா இது?

விமானம் இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது என்றா சொன்னேன்? விழுந்தது. பிளெஸ்ஸி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினால் குமட்டல் நிற்கும். மூடினால் எண்ணைப் படிப்பது யார்?

“எட்டாயிரம்… அஞ்சாயிரம்… மூவாயிரம்ணே… ஆயிரத்தி ஐநூறு… எடுங்க, எடுங்க!”

தரை திரையை நிறைத்துக்கொண்டு எழுந்து வந்தது. அவர் அவசரப்படவில்லை. கொக்கியில் தொங்கும் இரும்பு ஆடாமல் இறக்கிய கை அது. அலுங்காமல் மூக்கைத் தூக்கினார். எண்ணூறு அடி. மலைமுகடு வலது பக்கம் சுவர் மாதிரி உயர்ந்து நின்றது. மறுகணம் அந்த முகட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வெடித்துச் சிதறியது. ஏவுகணையை மலை வாங்கிக்கொண்டது.

பீப் சத்தம் நின்றது.

“டூ, உசுரோட இருக்கேன்” என்றான் அஜித். அடுத்தடுத்து மூன்றும் நான்கும் பதில் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வசந்தகுமார் வந்தார். “கன்ட்ரோல் காலியா இருக்கு. பிளெஸ்ஸி, நீங்க ஏன் லீட் விமானத்துல இருக்கீங்க?”

பிளெஸ்ஸி ரேடியோ பட்டனை அழுத்தினாள். “தப்பு என்னோடது சார். லீடுக்கு மஞ்சக் கார்டு போய்ச் சேரல. நான் சரியா அனுப்பல. அதான் நானே வந்து…”

“தங்கச்சி, நிறுத்து.”

ரத்தினவேல். உள்ளுக்குள் அல்ல, ரேடியோவில். எல்லோருக்கும் கேட்கும்படி.

“சார், அந்தப் பிள்ள மேல தப்பில்ல. கார்டு வந்துச்சு. எனக்குத்தான் படிக்க முடியல. நடுப்பார்வை போயி ஒரு வருசமாச்சு. வீட்டுல அவ படிப்பா, நான் மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பேன். இன்னிக்கு அவ ஊர்ல இல்ல. உங்க எல்லாரையும் கொன்னுருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அஜித்து, லீட எடுத்துக்கப்பா.”



“இருங்க, இருங்க” என்றான் அஜித் மெதுவாக. “அப்ப ஒரு வருசமா எழுத்தே தெரியாமத்தான் என்னைய ஒவ்வொரு வாரமும் முந்திக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமாப்பா.”

“இத நான் வெளிய சொல்ல முடியுமாண்ணே? எங்க ரூம்ல சோறு போடுவானுங்களா? எனக்கு லீடும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

யாரோ சிரித்தார்கள். இனி வசந்தகுமார் என்ன சொல்வாரோ? பிளெஸ்ஸி காத்திருந்தாள். அவர் ரூலை விட்டுக் கொடுத்து ஒருத்தரும் பார்த்ததில்லை.

“ரத்தினவேல்” என்றார் கடைசியில். லீட் என்று சொல்லவில்லை. பிளெஸ்ஸிக்குத் திக்கென்றது. “எங்க அப்பா கடைசிக் காலத்துல பேப்பரத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கண்ணு போனது எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம். கேட்டிருக்கலாம்.”

தொண்டையைச் செருமினார்.

“கார்டை லீட் விமானத்துலேருந்து சத்தமாப் படிக்கணும்கிறதுதான் ரூல். எல்லாரும் ஒரே நம்பர்ல பறக்கணும்கிறதுக்காகப் போட்டது. பின்சீட்டுலேருந்து படிச்சாலும் நம்பர் அதேதான். பிளெஸ்ஸி, உங்களால அங்க உக்காந்திருக்க முடியுமா?”

பிளெஸ்ஸி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “முடியும் சார்.”

“அப்ப கன்ட்ரோல நான் பாத்துக்கிறேன். லீட், பாயின்ட் நாலு வருது. படிக்கச் சொல்லுங்க.”

ரத்தினவேல் மூக்கை உறிஞ்சுவது பின்சீட்டுக்கு மட்டும் கேட்டது. பிளெஸ்ஸி அதைக் கேட்காதவள் மாதிரி மஞ்சள் கார்டைத் திரையில் பெரிதாக்கினாள்.

“பாயின்ட் நாலு. ஹெடிங் சைபர் எட்டு அஞ்சு. உயரம் ஆயிரத்தி இருநூறு. அதுக்கு அப்புறம் இலக்கு. ஆத்துப் பாலம்.”

“சைபர் எட்டு அஞ்சு, ஆயிரத்தி இருநூறு” என்று ரத்தினவேல் திருப்பிச் சொன்னார். மலை முடிந்தது. விமானம் வெட்டவெளிக்கு வந்தது.

“தங்கச்சி, பாலம் தெரியுதா?”

“தெரியுதுண்ணே.”

“எப்படி இருக்கு?”

பிளெஸ்ஸி முன்னால் குனிந்து பார்த்தாள். “தண்ணி கொஞ்சம்தான் ஓடுது. ரெண்டு பக்கமும் மணல். பாலம் ஒல்லியா, நேரா இருக்கு. மேல அஞ்சாறு லாரி நிக்குது. கரையில ஒத்தப் பனைமரம், அதுக்குக் கொஞ்சம் வலது பக்கம்ணே… இன்னும் கொஞ்சம்… அங்கதான்.”

அவள் சொல்லச் சொல்ல, விமானத்தின் மூக்கு மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, பாலத்துக்கு நேராக வந்து நின்றது.