மூன்றாவது பணியாரம்

வயிரவன் செட்டியார் வீட்டில் எண்ணிப் பரிமாறுகிற வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. விருந்தாளி போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாக இன்னொன்றை நழுவவிட்டுத்தான் நகருவார்கள். அதனால், டாக்டர் சாலா வந்து அந்த விஷயத்தைச் சொன்னபோது, யாரோ முகத்துக்கு நேரே வைததுபோல் அவருக்கு இருந்தது.

"ஞாயித்துக்கிழமை என் நோயாளிகளுக்கு இங்க பந்தி. இலைக்கு ரெண்டு வெள்ளைப் பணியாரம், பெரியப்பச்சி. சட்னி எம்புட்டு வேணும்னாலும் வைக்கலாம். பணியாரம் மட்டும் ரெண்டு. மூணாவது கூடாது."

"எங்க வீட்டுல ரெண்டு பணியாரமா? அதுக்கு இலை எதுக்கு? உள்ளங்கையில வச்சு வாசலோட அனுப்பிரலாமே!"

சாலா பங்காளி மகள்; செட்டியார் அவளுக்குப் பெரியப்பா முறை. காரைக்குடியில் சர்க்கரை நோய்க்கென்று சின்னதாக ஒரு மருத்துவமனை நடத்துகிறாள். பெரியப்பச்சியின் கோபம் அவளுக்குப் புதிதல்ல. காப்பியை ஆற்றிக்கொண்டே விஷயத்தை விளக்கினாள்.

"சிங்கம்புணரி வீரலட்சுமி அக்கா, நான் குடுத்த சாப்பாட்டு அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டாக. 'ஓட்ஸு, ப்ராக்கோலின்னு போட்டிருக்காம். எங்க சந்தையில ஒரு கடையிலயும் இல்ல. எங்க அடுப்புல வேகுறதுக்கு ஒரு வழி சொல்லுங்க'ன்னு கேட்டாக. என்கிட்ட பதில் இல்ல. நம்ம பலகாரத்தை யாரும் அளந்து பாத்ததில்ல. மதுரையில ஒரு அறக்கட்டளை இலவசமா சென்சார் தந்திருக்கு. காசு அளவுதான் இருக்கும். கையில ஒட்டிக்கிட்டா, சீனி ஏறுறதும் எறங்குறதும் கோடாத் தெரியும். என்னென்ன சாப்பிட்டுப் பாக்கணும்னு நோயாளிகளையே கேட்டேன். வெள்ளைப் பணியாரத்தை முதல்ல சொன்னது யார் தெரியுமா?"

"யாரு?"

"நான்தான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. செட்டியாரின் மனைவி மீனலோசனி ஆச்சி நிலைப்படியில் வந்து நின்றார்.

செட்டியார் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

ஆச்சிக்குச் சர்க்கரை வந்து சில வருஷங்கள் ஆகின்றன. உறவில் சாலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பது செட்டியாரின் உத்தரவு. 'அந்த வீட்டில் நோய்' என்று நாலு பேர் பேசுவதை அவரால் தாங்க முடியாது. ஆச்சியின் சங்கடம் வேறு. விசேஷ வீட்டு இலையில் விழுந்ததை ஒதுக்கினால் வீட்டுக்காரர்களுக்கு அவமானம். சாப்பிட்டால் மூன்று நாள் உடம்பு படுத்தும். ஆகவே ஆச்சி பந்திக்குப் போவதையே விட்டுவிட்டார். கணவனும் மனைவியுமாகப் போய் நிற்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் செட்டியார் தனியாகப் போய், "அவளுக்கு முழங்கால் வலி" என்று சொல்லிவிட்டு வருவார்.

"அடுத்த மாசம் தேவகோட்டையில என் தம்பிக்கு மணிவிழா" என்றார் ஆச்சி. "காலையில வெள்ளைப் பணியாரம்தான் போடுவாக. கூடப்பிறந்தவ நான் உக்காந்து ஒரு வாய் சாப்பிடலைன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? என் உடம்பு எதைத் தாங்கும்னு தெரிஞ்சாத்தான் நான் போவேன். இல்லைன்னா இந்தத் தடவையும் நீங்களே போயிட்டு வாங்க."

செட்டியார் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில், "சரி. ரெண்டுதான். என் வாக்கு" என்றார். அந்த வீட்டில் வாக்கு என்றால் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கல்யாண வீடு போலாகிவிட்டது. கையில் வெள்ளைப் பொட்டு ஒட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வீரலட்சுமி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். ஓய்வு பெற்ற டவுன் பஸ் கண்டக்டர் முத்துராமலிங்கம் வாசலிலேயே, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீக" என்று எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

எல்லோரிடமும் பெரிய போன் இல்லை. அதனால் எல்லாருடைய கோடுகளும் ஒரே இடத்தில் தெரியும்படி, நடு முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு பெரிய டிவியை வைக்கச் சொல்லியிருந்தார்கள். பெயர் எழுதினால் தனக்குப் படிக்க வராது என்று வீரலட்சுமி சொன்னதால், ஆளுக்கொரு சின்னம். அவளுக்குக் குடை. கண்டக்டருக்கு மணி. ஆச்சிக்கு மயில்.

"எலெக்சன்ல நிக்காத குறைதான்" என்றாள் வீரலட்சுமி. "ஆச்சி, ஓட்டுக் கேட்டு வந்தா ஏமாத்திராதீக."

"உனக்கு இல்லாத ஓட்டா? குடைக்கே போடுறேன்" என்றார் ஆச்சி. அவர் இப்படி வாய்விட்டுப் பேசிச் சிரித்து வெகுநாளாயிற்று என்பது செட்டியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

பந்தி உட்கார்ந்தது. சமையல்கார செந்தாமரை சுடச்சுடப் பணியாரங்களை எடுத்து வந்தாள். பச்சரிசியை அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அரைத்த மாவு. வெண்ணெய்போல் வெளுத்து, ஓரம் சற்றே சுருங்கி, நடுவில் புசுபுசுவென்றிருந்தன. இலைக்கு இரண்டு வைக்கப்பட்டன. மிளகாய்ச் சட்னி பக்கத்தில் சிவப்பாக உட்கார்ந்தது. டிவியில் ஏதோ ஒயர் சேரவில்லை என்று சாலா கூடத்துக்குப் போனாள்.

செட்டியார் பந்தியின் தலைமாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய தலைவாழை இலை. அதில் ஒரு மூலையில் இரண்டே இரண்டு பணியாரம், வழி தவறி வந்தவை மாதிரி. முத்துராமலிங்கம் இரண்டையும் தின்றுவிட்டு, சட்னியை விரலால் வழித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால்கூடச் செட்டியார் தாங்கியிருப்பார். கேட்காமல் இருந்ததுதான் அவரைக் கொன்றது.

அவர் கை தானாகப் போய்ப் பாத்திரத்தை எடுத்தது. கண்டக்டர் இலையில் ஒரு பணியாரம் விழுந்தது.

"அய்யா, டாக்டரம்மா..."

"பேசாமச் சாப்பிடுங்க. ஒண்ணுதானே."

ஒருவருக்கு வைத்துவிட்டு அடுத்தவரை விட்டால் அது பந்தி வஞ்சனை. அந்தப் பாவத்தை அந்த வீடு செய்ததில்லை. வரிசையாக எல்லா இலைக்கும் ஒன்று வைத்துக்கொண்டே போனார். ஆச்சியின் இலை வந்தது. அங்கே மட்டும் ஒரு நொடி கை நின்றது. கட்டினவளானாலும் பந்தியில் பந்திதான் என்று நினைத்துக்கொண்டு அங்கேயும் வைத்தார். ஆச்சி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அத்தனை பேர் முன்னால் கணவர் வைத்ததை எப்படி ஒதுக்குவது? எதற்குப் பயந்து ஊர்ப் பந்திகளையெல்லாம் விட்டாரோ அது சொந்த வீட்டிலேயே இலைக்கு வந்துவிட்டது. குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"மூணா வைக்கக் கூடாதேய்யா" என்று கண்டக்டர் பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுல மூணு வச்சா எங்க ஆத்தா கரண்டியாலயே அடிக்கும்."

நியாயமான பேச்சு. செட்டியார் இன்னொரு சுற்று வந்தார்.

"டாக்டரம்மா வாரதுக்குள்ள முழுங்குங்க" என்று வீரலட்சுமி கிசுகிசுத்தாள். பந்தி முழுக்கத் தோள்கள் குலுங்கின. சாலா திரும்பி வந்தபோது எல்லா இலைகளும் சுத்தமாக மடிக்கப்பட்டிருந்தன. எல்லோர் முகமும் கோயிலுக்குப் போய்வந்தது மாதிரி அமைதியாக இருந்தது.

பிறகு எல்லோரும் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் கோடுகள் படுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் மணி தலையைத் தூக்கியது. குடை பின்தொடர்ந்தது.

"மணி முன்னிலை!" என்று கண்டக்டர் கத்தினார்.

"விடுங்க, குடை பிடிச்சிரும். எண்ணுறதுக்கு இன்னும் நாலு சுத்து இருக்கு" என்றாள் வீரலட்சுமி.

சிரிப்பு அடங்குவதற்குள் கோடுகள் மாடி ஏறி, மொட்டை மாடியையும் தாண்டின. எல்லோரையும் மிஞ்சிப் போனது மயில். சாலாவின் முகம் வாடியது. எல்லோரையும் எழுப்பி முற்றத்தைச் சுற்றி நடக்க வைத்தாள். நடந்து முடித்து வந்த பிறகும் கோடுகள் இறங்க மனமில்லாமல் நின்றன.

"பெரியப்பச்சி, எனக்கே வருத்தமா இருக்கு" என்றாள். "போன வாரம் பள்ளத்தூர்ல இடியாப்பம் சாப்பிட்டுப் பாத்தோம். மஞ்சள்ல நின்னுச்சு. நிதானமாச் சாப்பிடலாம்னு புது அட்டையில எழுதிட்டேன். இதைக் கூடாதுன்னு சிவப்புலதான் போடணும். பெரியாத்தா, நீங்க மணிவிழாவுல இதைத் தொடாதீங்க."

பள்ளத்தூர் என்றால் செட்டியாரின் சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டு இடியாப்பம் மஞ்சள், தன் வீட்டுப் பணியாரம் சிவப்பு! காரைக்குடி முழுக்க அட்டை போகும். அந்த அடியைக்கூட அவர் வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் ஆச்சி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"சரி சாலா" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்களே போயிட்டு வாங்க. முழங்கால் வலின்னு சொல்லிருங்க" என்றார்.

செட்டியார் பந்தியாட்களைப் பார்த்தார். கண்டக்டர் உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். வீரலட்சுமி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். உப்புத் தின்ற வீட்டைக் காட்டிக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் வாக்குத் தவறியது அந்தச் சுவர்களைத் தாண்டாது. மனைவிதான் வீட்டோடு கிடப்பாள், ஒருபோதும் செய்யாத குற்றத்துக்கு.

அவர் எழுந்து நின்றார். சபையில் பேசுகிறவர்போல் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"சாலா, அதை அழி."

"எதை, பெரியப்பச்சி?"

"சிவப்பை. இலைக்கு ரெண்டு இல்ல, நாலு. நான்தான் வச்சேன். வாக்குக் குடுத்துட்டு வச்சேன். பணியாரத்து மேல குத்தம் இல்ல."

கண்டக்டரால் அடக்க முடியவில்லை. "அய்யா, நாங்க போலீஸ் அடிச்சாலும் சொல்லியிருக்க மாட்டோம்! நீங்களே இப்படி எறங்கிட்டீகளே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. சாலா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பெரியப்பச்சி, எத்தனை நாள் வேலை தெரியுமா இது? வாக்குன்னீகளே!"

"வையி. வாங்கிக்கிறேன்" என்றார் அவர், நிமிர்ந்தபடியே.

வீரலட்சுமி குறுக்கே வந்தாள். "அவுகளை ஏன் டாக்டரம்மா வையிறீக? எந்த வீட்டுப் பந்தியில ரெண்டோட விட்டிருக்காக? ரெண்டு திங்கலாம்னு அட்டையில போட்டுக் குடுங்க, வேணாங்கல. மூணாவதை வச்சா என்ன செய்யன்னு அதுல போட்டிருக்குமா? வேணாம்னு சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

சாலாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவள் கேட்க மறந்த கேள்வி அதுதான். அதற்குப் பதில் மருந்துச் சீட்டில் எழுதுகிற சமாச்சாரமும் அல்ல. எல்லோர் பார்வையும் எப்படியோ செட்டியார் பக்கம் போயிற்று.

அவர் தொண்டையைச் செருமினார். "இனிமே இந்த வீட்டுல கேட்டுத்தான் வைக்கிறது" என்றார். "கேட்டு, சரின்னா வைக்கிறது. வேணாம்னா அடுத்த இலைக்குப் போறது. யாராவது இதைக் குறைன்னு சொன்னா என்கிட்ட வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல இப்படித்தான்னு சொல்லுறேன். நாங்க செஞ்சா ஊர்ல நாலு வீடு செய்யும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பந்தி. இந்தத் தடவை நோயாளிகள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: செட்டியார் நிற்கக் கூடாது, உட்கார வேண்டும். விருந்தாளிகளுக்கு முன்னால் தன் வீட்டில் அவர் இலையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஆச்சிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவர் கையிலும் சாலா ஒரு பொட்டை ஒட்டிவிட்டாள். சின்னம் சிங்கம், அவரே கேட்டு வாங்கியது.

"வைக்கட்டுமா அய்யா?" என்று செந்தாமரை மூன்றாவதைத் தூக்கிக் காட்டினாள். அவர் கண் பணியாரத்தின் மேலேயே இருந்தது. "வேணாம்" என்று சொல்லிப் பார்த்தார். வாய் வெந்துவிடவில்லை. பந்தி முழுக்க அந்த வார்த்தை வரிசையாக ஓடி வந்தது. சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் முதல் தடவையாகப் பேசப் பழகுகிறவர்கள் மாதிரி சத்தமாகச் சொன்னார்கள். கண்டக்டர் மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டிவியில் கோடுகள் எழுந்தன, மெதுவாக, மேட்டில் ஏறுகிற மாட்டு வண்டி மாதிரி. மயில் ஒரு மேடு ஏறியது, நின்று பார்த்தது, இறங்க ஆரம்பித்தது.

"மஞ்சள்" என்றாள் சாலா. "பெரியாத்தா, இது உங்க உடம்பு சொன்ன பதில். வேறொருத்தருக்கு வேற மாதிரி இருக்கும், அவங்கவங்க கோட்டைப் பாத்துக்கிடணும். உங்களுக்கு ரெண்டு சரி. மாத்திரையை விட்டுறாதீங்க."

ஆச்சி அந்த இடத்திலேயே போனை எடுத்தார். கூடத்தில் அத்தனை பேரும் கேட்க, தம்பியிடம் பேசினார்.

"டேய், மணிவிழாவுக்கு நான் வாரேன். முழங்காலா? முழங்காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சீனி. ஆமாடா, சர்க்கரை வியாதி, வருசக் கணக்கா இருக்கு. அழாத, கிறுக்கா. பந்தியில உக்காந்து ரெண்டு பணியாரம் சாப்பிடப் போறேன். உன் பொஞ்சாதிகிட்டச் சொல்லிவையி, கேட்டுத்தான் வைக்கணும்."

இந்நேரம் தேவகோட்டை முழுக்கத் தெரிந்திருக்கும். சாயங்காலத்துக்குள் எல்லாப் பங்காளி வீடுகளுக்கும் போய்விடும். செட்டியார் தன் மனசைத் தொட்டுப் பார்த்தார். எங்காவது வலிக்கிறதா என்று தேடினார். வலிக்கவில்லை. பசிதான் இருந்தது. கை நீட்டிப் போனை வாங்கினார்.

"மாப்பிள்ளை, நான்தான். எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இலை போடச் சொல்லுங்க. ஆமா, சேந்துதான் வாரோம். இன்னொரு விஷயம்..." சுற்றிலும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தார். "பரிமாற ஆள் குறைஞ்சாலும் என்னைக் கூப்பிட்டுறாதீக."