கோட்டைக் கணக்கில் வந்தவர்கள்

சிலுவையம்மாள் படித்த கணக்குகள் தெருவில் வந்து நிற்க ஆரம்பித்தது 1951ஆம் வருடம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் இருந்த காலத்தில். முதலில் வந்தது ரயில் கணக்கு. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரமாகும் என்ற கேள்வியை அவள் காலையில் படித்துவிட்டு, கஞ்சி குடிக்க எழுந்துபோனாள். அதற்குள் கொருக்குப்பேட்டை கேட்டில் டிரைவரோ பயணியோ இல்லாத இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தன, பின்னால் போயின, திரும்ப வந்து கடந்தன. கேட்டைத் திறக்க வழியில்லை. மாட்டு வண்டிகள் வண்ணாரப்பேட்டை வரை நின்றுவிட்டன. கேட் கீப்பர் ஜஹாங்கீர் பாய் எஞ்சினை உற்றுப் பார்த்தார். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பயிற்சி பதினான்கு, கணக்கு மூன்று’ என்று எழுதியிருந்தது. விசாரித்துக்கொண்டே ராயபுரம் உப்புக்கிடங்குச் சந்துக்கு வந்து, அவள் வாசலில் நின்று, கொஞ்சம் சீக்கிரம் போட்டு முடிக்கும்படி கேட்டுக்கொண்டார். அவள் விடையை எழுதினாள். ரயில்கள் கடைசியாக ஒருதரம் கடந்து, ஒன்று எண்ணூர் பக்கமும் மற்றது பட்டணத்துப் பக்கமும் போய்ச் சேர்ந்தன.

அவள் சர்வீஸ் கமிஷன் குமாஸ்தா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பொது அறிவும் கணக்கும் சேர்ந்த தாளில் இரண்டு தடவை கோட்டைவிட்டிருந்தாள். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, இனி ஒரு தடவைதான். அவள் அம்மா துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தாள். இருமினால் முந்தானை கறுத்தது. மகளுக்கு வேலை கிடைத்தால் அம்மா கூடையை இறக்கி வைக்கலாம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை.

சந்துக்காரர்கள் காரணத்தைத் துருவவில்லை, லாபத்தைப் பார்த்தார்கள். நார்வேயில் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதே இல்லை என்று அவள் மனப்பாடம் செய்த வாரம், அந்தச் சந்தில் மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் வெயில் அடித்தது. அவளுக்கு மண்ணெண்ணெய் மிச்சம். மீன்காரிகளுக்குக் கருவாடு பாதி நாளில் காய்ந்தது. பிரேசில் காப்பி விளைச்சலைப் படித்தபோது வீடெல்லாம் காப்பி மணம், குடிக்கத்தான் எதுவுமில்லை. தொட்டிக் கணக்கு வந்ததுதான் கொண்டாட்டம். இரண்டு குழாய் நிரப்ப, ஒரு குழாய் காலி செய்ய, நடுச்சந்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று நின்றது. கார்ப்பரேஷன் குழாயில் இடம்பிடிக்கக் கல்லும் ஓட்டைக் குடமும் வைத்துச் சண்டை போடுகிற பெண்கள், காலி செய்கிற குழாயடியில் வரிசையாகக் குடத்தை வைத்தார்கள். எதிர்வீட்டுக் கெங்கம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“இன்னாம்மே சிலுவ, மத்தியானம் வரிக்கும் அந்தக் கணக்க போடாத. தண்ணி புட்ச்சிக்கிறோம்.”

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை மூடி வைத்தாள். இப்படித்தான் அந்தச் சந்துக்குக் கணக்கைத் தள்ளிப்போடும் பழக்கம் வந்தது, வினையும் வந்தது.

புரட்டாசியில் கோட்டைக் கணக்கு வந்தது. ஒரு கோட்டையில் பன்னிரண்டு பேருக்கு இருபது நாளுக்கு உணவு இருக்கிறது. மேலும் நான்கு பேர் வந்து சேர்ந்தால் அந்த உணவு எத்தனை நாள் வரும்? கோட்டைக்கு எங்கே போவது? யுத்த காலத்தில் காலியான உப்புக் கிடங்கில் பன்னிரண்டு பேர் அரிசி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு நான்கு பேர் வந்தார்கள். விடை பதினைந்து நாள் என்று சிலுவையம்மாள் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டாள். எழுதத்தான் இல்லை, அன்று மாதா கோயில் திருவிழா. ஞாயிறு கழியட்டும் என்று விட்டாள்.

அந்த ஒரு நாளில் சந்து செய்யக்கூடாததைச் செய்துவிட்டது. வேறு எந்தப் பேட்டையாக இருந்தாலும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் பேர் என்ன என்று கேட்டார்கள். கணக்கில் வந்த ஆளுக்கு ஏது பேர்? இல்லை என்றதும் இவர்களே வைத்தார்கள். கடைசியாக வந்தவனுக்குக் கெங்கம்மா வேம்பு என்று வைத்தாள். ஜஹாங்கீர் பாய் தம் பங்குக்கு ஒருவனைத் தாவூது என்றார். மூட்டை பதினைந்து நாளில் தீர்ந்துவிடுமே என்று, ரேஷன் அரிசியிலேயே வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுபோய்க் கொட்டினார்கள். திங்கட்கிழமை சிலுவையம்மாள் பேனாவைத் திறந்தபோது, வேம்பு அவள் அம்மாவின் கரிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் பேனாவை மூடிவிட்டாள். பேரும் முகமும் வந்துவிட்ட ஆளை எந்த மனசோடு விடை எழுதி அனுப்புவது?

பதினாறு பேரும் கரி சுமந்தார்கள், கப்பலில் மூட்டை இறக்கினார்கள், மெட்ராஸ் பாஷையை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அம்மாவின் இருமல் நிற்கவில்லை. கூடையை வேம்பு சுமந்தாலும், கூலிக்கு அவள் கரிமேட்டில் நின்றுதான் ஆகவேண்டும். பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் வேம்பு ட்ராம் நிற்கும் இடம் வரை கூட வந்தான்.

“யக்கா, அந்தக் கணக்கு வந்தா எய்திட்டு வா. அம்மா ராவெல்லாம் இருமினே கீது. நாங்க இன்னா, கணக்குதானே.”

பரீட்சைத் தாளில் அது நான்காவது கேள்வியாக இருந்தது, எண்கூட மாறாமல். பக்கத்து மேஜையில் வண்ணாரப்பேட்டை ஷரீஃபுன்னிசா பதினைந்து என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். அவளுக்கென்ன, அவள் படித்த கணக்கெல்லாம் புத்தகத்திலேயே கிடந்தது. சிலுவையம்மாள் அம்மாவின் முந்தானையை நினைத்தாள், வேம்புவின் தலையில் இருந்த கூடையை நினைத்தாள், மற்ற கேள்விகளை எழுதி முடித்துவிட்டு மணி அடிக்கும் வரை நினைத்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் வேம்பு கேட்டான். அந்தக் கேள்வி வரவில்லை என்று சொன்னாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், கண்ணிமைக்காமல் சொன்னாள்.

தை மாதம் ரிசல்ட் வந்தது. தேறியவர்கள் பட்டியலில் அவள் பேர்தான் கடைசி. கடைசியானாலும் வேலை வேலைதான். அம்மா அன்றே கூடையைக் கெங்கம்மாவின் கோழிகளுக்குக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். தானும் தேறிய சந்தோஷத்தில் ஷரீஃபுன்னிசா பேரீச்சம்பழத்தோடு வந்து, சந்து முழுக்கக் கூடியிருந்த இடத்தில், அந்தக் கோட்டைக் கணக்கு எவ்வளவு சுலபம், பதினைந்து நாள், சிலுவை கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாளே என்று கேட்டுவிட்டாள்.

கெங்கம்மா மெதுவாகத் திரும்பி ஆட்களை எண்ணினாள். பதினாறு பேரும் இருந்தார்கள். வேம்பு மட்டும் சிலுவையம்மாள் முன்னால் வந்து நின்றான்.

“வர்லன்னு சொன்னியே யக்கா.”

“எனுக்கு வர்லடா,” என்றாள் அவள். “பயத்த துன்னு.”

அவன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அழுதான்.

அப்புறம் அவர்களுக்கு ரேஷன் கார்டு வந்தது, ஓட்டு வந்தது, ஒவ்வொருவராகக் கல்யாணமும் ஆனது. பிறந்த ஊர் என்ற இடத்தில் கோட்டை என்று எழுதினார்கள், எந்த அதிகாரியும் எந்தக் கோட்டை என்று கேட்கவில்லை. அம்மாவின் இருமல் இரண்டு மழைக்காலத்தில் தணிந்தது. ஐம்பத்தெட்டில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் அந்தக் கோட்டைக் கணக்கைக் கொடுக்கப்போக, உப்புக்கிடங்குச் சந்துப் பிள்ளைகள் மட்டும் சொல்லிவைத்ததுபோல் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அவர் கோபத்தோடு சந்துக்கு வந்தார். வேம்பு அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு விவரத்தைச் சொன்னான். வாத்தியார் டீயை முடித்து, குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வகுப்பில் அடுத்த கணக்கை நடத்தினார்.