எடுக்காத மணி

தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது; நிற்கவேயில்லை.

கழுவிக்கொண்டிருந்த சாளை மீனைச் சட்டியிலேயே போட்டுவிட்டு ஜெபகுமாரி எழுந்தாள். ஆனால் போனை எடுக்கவில்லை. செதில் ஒட்டிய கையோடு ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த நாத்தனார் சத்தியபாய் வீட்டுக்கு ஓடினாள்.

பாறசாலையை ஒட்டிய அந்த ரோட்டில் ஒரு ஓரம் கேரளம், மறு ஓரம் தமிழ்நாடு. ஜெபகுமாரி வீட்டு போனுக்குத் திருவனந்தபுரத்தின் 0471. சத்தியபாய் வீட்டுக்குக் குழித்துறையின் 04651. அந்தக் காலத்தில் நெய்யாற்றின்கரையைத் தாண்டித் திருவனந்தபுரத்தோடு பேசினாலும் லோக்கல் கால். அடுக்களை ஜன்னலில் தெரிகிற வீட்டோடு பேசினால் எஸ்.டி.டி. கட்டணம். அதனால் இரண்டு பேரும் எடுக்காமலே பேசக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மணி அடித்து நின்றால் 'வாறேன்'. இரண்டென்றால் 'நீ வா'. நிற்காமல் அடித்தால் அவசரம், போட்டது போட்டபடி ஓட வேண்டும். இப்போது எங்கே பேசினாலும் தனிக் காசு கிடையாது. வழக்கம் மட்டும் மாறவில்லை.

குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்த மருமகள் ஷீனா, திறந்து கிடந்த வாசலையும் அடித்து அடங்கிப்போன போனையும் பார்த்தாள். காட்டாக்கடையில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ முடித்திருந்தாள். காலையில் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் செல்போன் இரண்டு மாநில டவருக்கும் மாறி மாறித் தாவி அறுந்துபோகும் என்பதால் லேண்ட்லைன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். மாமியாரிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

எதிர்வீட்டில் சத்தியபாய் நிம்மதியாக மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன மைனி? நான் அடிக்கவே இல்ல."

ஜெபகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்தபோது ஷீனா ரோட்டில் நின்று செல்போனில் கிளினிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லைன் பிஸி; அங்கே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆளாகத்தான் இருக்கும் என்று ஷீனாவின் கண் நிறைந்தது. பின்னாலேயே வந்த சத்தியபாய், கர்த்தர் நாக்கு தந்திருப்பது எதற்கு, ஒரு ஹலோ சொன்னால் தேய்ந்தா போகும் என்று மைனியை ஏசினாள். இவளும் ஒருநாளும் போனை எடுத்தவளில்லை.

வீட்டுக்குள் மறுபடி மணி அடித்தது. ஷீனா செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெபகுமாரி உள்ளே பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். எடுத்த பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"வைக்கல்லே, போனை வச்சிராதீங்க... பிள்ள வருது."

கிளினிக்கிலிருந்துதான்; ஷீனா திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரலாம் என்றார்கள். ஷீனா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். மீன் செதில் அவள் நைட்டியிலும் ஒட்டியது. சத்தியபாய் உரிமையோடு அடுக்களைக்குள் போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

இனியாவது இரண்டு பேரும் போனை எடுத்துப் பேசக் கூடாதா என்று ஷீனா சிரித்துக்கொண்டே கேட்டாள். ஜெபகுமாரி அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன்ல பேசி முடிச்சிட்டா, பிறகு அவ இங்க வரமாட்டால்லா மக்கா."