டெஸா யார் வீட்டுப் பிள்ளை

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வரிசை ஊர்ந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலையிலிருந்து அனுமதி கேட்டு வந்திருந்த டார்லாவின் சீருடையில் பிளீச் வாடை அடித்தது. அவள் முறை வந்தது. இலவசமாக வரிக்கணக்குப் போட்டுத் தரும் மிஸஸ் ஹேகர்ட்டி கணினித் திரையை மறுபடியும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் கணக்கை வரி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க கண்ணு. உன் பொண்ணை ஏற்கெனவே வேற யாரோ தன் கணக்குல காட்டிட்டாங்க. ஒரு புள்ளைக்கான வரிப்பணத்தை ஒருத்தருக்குத்தான் திருப்பித் தருவாங்க."

"வேற யாரோவா? டெஸா என்கூடத்தானே இருக்கா?"

"அவ அப்பாவா இருக்கும். கேட்டுப் பாரு."

வாசற்படியில் அழுக்குப் பனி சேறாகிக் கிடந்தது. டார்லா விவாகரத்தான கணவன் ரஸ்ஸலுக்குப் போன் போட்டாள். அவன் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"ஜட்ஜ் என்ன சொன்னாரு? டெஸாவைக் கணக்குல காட்டறது ஒத்தப்படை வருஷம் நீ, ரெட்டைப்படை வருஷம் நான். இது ரெட்டைப்படைதானே?"

"கணக்குக் குடுக்கறது போன வருஷச் சம்பளத்துக்கு ரஸ்ஸல். போன வருஷம் ஒத்தப்படை."

"அப்படியா? எனக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தவன் ஒண்ணும் சொல்லலையே."

"பணம் வந்துடுச்சா?"

"வந்து, வண்டி கியர்பாக்ஸுக்குப் போயிடுச்சு. வண்டி இல்லேன்னா எனக்கு வேலை இல்ல. வேலை இல்லேன்னா மாசாமாசம் உனக்கு எங்கிருந்து குடுப்பேன், சொல்லு?"

கத்தவேண்டும் என்றுதான் போன் போட்டாள். அந்தப் பணத்தை நம்பித்தான் டெஸாவின் சொத்தைப் பல்லுக்கு டாக்டரிடம் நாள் குறித்திருந்தாள். ஆனால் அவன் குரலிலும் தன்னுடைய பயமே கேட்டது. போனை வைத்துவிட்டு உள்ளே போய் அவன் சொன்னதைச் சொன்னாள்.

"ஜட்ஜ் எழுதினதை வரி ஆபீஸ் பார்க்காது" என்றார் மிஸஸ் ஹேகர்ட்டி. "புள்ளை வருஷத்துல பாதிக்கு மேல யார் வீட்ல தூங்கிச்சோ அவங்களுக்குத்தான். நீயா கையெழுத்துப் போட்டு விட்டுக்குடுத்தாதான் அவருக்கு. கணக்கைத் தபால்ல அனுப்பு. ரெண்டு பேருக்கும் வரி ஆபீஸ்லேர்ந்து கடிதாசி வரும். அப்போ உன் வீட்லதான் இருக்கான்னு காட்டணும்."

"அப்ப ஜட்ஜ் எதுக்கு எழுதினாரு?"

"அதை என்கிட்ட கேக்காத. புள்ளை எந்த அட்ரஸ்ல இருக்கான்னு ஸ்கூல்ல ஒரு கடிதாசி வாங்கி வச்சுக்கோ."

மறுநாள் காலை டெஸாவை வகுப்பில் விட்டுவிட்டு டார்லா பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். மேஜையிலிருந்த இளம்பெண் சிரித்தபடியே ஒரு தாளை அச்சிட்டு நீட்டினாள். டெஸாவின் பெயருக்குக் கீழே ரஸ்ஸலின் முகவரி இருந்தது.

டார்லாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வீடு இருக்கும் தெருவை வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளி; விவாகரத்துக்குப் பிறகு அவள் குடிபோன தெரு வேறு பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது. அங்கே கணக்குப் பாடத்துக்கு வாத்தியாரே இல்லை என்று கேள்விப்பட்டு, இருவருமாகப் பேசித்தான் இந்தப் பள்ளியில் ரஸ்ஸலின் முகவரியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் நகரத்தின் மறுகோடியிலிருந்து காரில் கொண்டுவந்து விடுகிறாள்.

"இது அவ அப்பா அட்ரஸ்."

"எங்ககிட்ட இதுதாங்க இருக்கு. பொண்ணு உங்க வீட்லதான் இருக்காளா? அப்படின்னா மாத்திடறேன். ஆனா உங்க தெரு வேற ஸ்கூலைச் சேர்ந்ததுன்னா, திங்கக்கிழமைலேர்ந்து அங்கதான் போகணும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வகுப்பு பாட்டு அறைக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்த டெஸா, அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. "பொண்ணு யார் வீட்ல இருக்கா?"