இரண்டு பக்கத்து வெயில்

அக்காவைக் கட்டியவரைக் கை நீட்டி அடிக்க முடியாது. முடிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை, ஓங்கி ஓர் அறையோடு விஷயம் முடிந்திருக்கும். முடியாததனால்தான் அவன் அவருடைய பொம்மைக் குதிரையில் கை வைத்தான்.

அவன் கார் பட்டறையில் பெயிண்டர். நசுங்கிய கதவை நிமிர்த்தி, பட்டி பார்த்து, அவன் ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தால் எந்தக் கதவு அடிவாங்கியது என்று வண்டிக்காரரே தேட வேண்டியிருக்கும். அத்தான் பொம்மைக் கடை வைத்திருந்தார். குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை. கட்டைவிரல் உயரத்துச் சிப்பாய், மீன்காரி, ராஜா என்று பெரியவர்கள் வாங்கி, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வர்ணம் தீட்டுகிற பொம்மைகள். வருஷா வருஷம் அதற்கொரு போட்டி நடக்கும், அத்தான் பரிசு வாங்குவார். பரிசு வாங்கிய பொம்மையைப் பார்த்துவிட்டு அவருடைய ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆட்கள் வந்து சேருவார்கள்.

அந்தப் பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தது அடிப்பூச்சு. முதலில் பொம்மை முழுக்கக் கறுப்பு அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் வெயில் எந்தப் பக்கமிருந்து வருவதாக நினைக்கிறோமோ அந்தப் பக்கமிருந்து, சாய்வாக, சாம்பல் நிறம். கடைசியில் அதே பக்கத்து உச்சியிலிருந்து மட்டும் மெலிசாக வெள்ளை. மூக்கு நுனியும் தோளும் வெளுத்துவிடும், தொப்பிக்கு அடியிலும் அக்குளிலும் இருட்டு தங்கிவிடும். அதற்குமேல் தண்ணீர் மாதிரி வர்ணத்தை ஓடவிட்டால் போதும், வெளிச்சமும் நிழலும் தானாக எழுந்து வரும். அத்தானுக்கு வர்ணம் நன்றாக வரும், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வர்ணத்தைக் காற்றோடு பீய்ச்சுகிற ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் பொம்மை மாவு மில்லுக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஆகிவிடும். அதனால் அடிப்பூச்சு முழுக்க மச்சான் தலையில் விழுந்தது. அவனும் அக்கா வீட்டு பால்கனியில் உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் அடித்துக் கொடுத்தான். "அடுத்த தடவை உன் பேரையும் சேர்த்துப் போட்டுடலாம் மச்சான்" என்று அத்தான் சொல்வார். அந்த அடுத்த தடவை மட்டும் வரவே இல்லை.

போன வருஷம் மீன்காரி பொம்மைக்கு முதல் பரிசு. கூடையின் நிழல் அவள் முகத்தில் பாதியை மறைத்திருக்கும், மற்ற பாதியில் வெயில் கொளுத்தும். பட்டறை ஆட்களிடம் "அது என் கைவேலைடா" என்று பெருமையடித்து, நல்ல சட்டை போடவைத்து அவர்களைப் பரிசு விழாவுக்கு அவன் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மேடையில் யாரோ மைக்கை நீட்டி, "உங்களுக்கு உதவிக்கு ஆள் உண்டா?" என்று கேட்டார்கள். அத்தான் சிரித்தார். "என் மச்சான் ஒருத்தன் இருக்கான். பெயிண்ட் டப்பாவை நல்லா குலுக்கிக் குடுப்பான்."

மண்டபமே சிரித்தது. பட்டறை ஆட்களும்தான். மறுநாளிலிருந்து பட்டறையில் அவன் பேரே குலுக்கி என்று ஆகிவிட்டது. முதலாளி கூப்பிடுவதும் குலுக்கி, டீ கொண்டுவருகிறவன் கூப்பிடுவதும் குலுக்கி.

அக்காவிடம் போய்ச் சொன்னான். "விளையாட்டாச் சொன்னதை எல்லாம் மனசுல வச்சுக்குவாங்களாடா?" என்றாள் அவள்.

"நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லி? அப்புறம் வீட்ல யார் அந்த மூஞ்சியப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது?"

அவன் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தான். இந்த வருஷம் அத்தான் குதிரை வீரனைக் கொண்டுவந்து வைத்தபோது, மனசுக்குள் இத்தனை நாள் புகைந்தது பற்றிக்கொண்டது.

குதிரை வேறு, வீரன் வேறு, இரண்டு துண்டு. சேணத்தின் மேல் உட்காரவைத்துவிட்டால் தொடையிடுக்கில் தூரிகை போகாது என்பதால் தனித்தனியாகத்தான் தீட்டுவார்கள். ஈட்டி ஒடிந்துவிடும் என்று பயந்து, போட்டி மண்டபத்துக்குப் போன பிறகுதான் அத்தான் ஒட்டுவார். அவன் குதிரைக்கு இடப்பக்கத்திலிருந்து வெயில் கொடுத்தான். வீரனுக்கு வலப்பக்கத்திலிருந்து. வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக அடித்ததே கிடையாது. குதிரையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் மூச்சு விட்டது. தனியாகப் பார்த்தால் எந்தக் கொம்பனாலும் குறை சொல்ல முடியாது.

"பின்னிட்டே மச்சான்!" என்றார் அத்தான். முதுகில் வேறு தட்டினார். பிறகு வாரக்கணக்கில் உட்கார்ந்து, வெளுத்த இடத்தில் இளசாகவும் இருண்ட இடத்தில் அடர்த்தியாகவும், மச்சான் போட்ட தடத்திலேயே வர்ணத்தை ஓட்டிக்கொண்டு போனார். வெயில் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தூரிகையைக் கழுவிக் கொடுத்துக்கொண்டே பார்த்தான். உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

போட்டி நாளில் அக்காவும் வந்திருந்தாள். அத்தான் மேஜையில் வைத்து வீரனை ஒட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "டியூப் லைட் சரியில்ல இங்க" என்று முணுமுணுத்துவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நடுவர் ஓர் அம்மாள், சிற்பி. வாய் கொஞ்சம் நீளம் என்று பேர். குதிரை வீரனைப் பீடத்தோடு தூக்கி இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"குதிரைக்கு வெயில் இடது பக்கம். மேல உட்கார்ந்திருக்கிறவருக்கு வலது பக்கம்" என்றார் மைக்கில். "ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருக்காங்களா?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆட்கள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தார். பொம்மையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"அந்த அடிப்பூச்சு நான் பண்ணலைங்க" என்று கத்தினார். "என் மச்சான் பண்ணது! ஒவ்வொரு வருஷமும் அவன்தான் பண்றான். போன வருஷம் மீன்காரியும் அவன் அடிச்சதுதான். இந்தத் தடவை வேணும்னே என் காலை வாரி விட்டுட்டான்!"

மண்டபம் அடங்கியது. போட்டிக்கு வைக்கிற பொம்மையை ஒருவரே முழுக்கச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அப்படியாப்பா? இத்தனை வருஷமும் நீதானா?"

எந்த வார்த்தைக்காக வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தானோ, அந்த வார்த்தையை அத்தானே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியாகிவிட்டது. இவன் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மீன்காரி அவனுடையவள், பழைய பரிசுகளின் பெருமை அத்தனையும் அவனுடையது.

ஆனால் அவன் கண் அத்தான் மேலேயே இருந்தது. "சொல்லுடா மச்சான்" என்று கெஞ்சினார். கெஞ்சுகிற அத்தானை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. ஏமாற்றுக்காரர் என்ற பேரோடு அவர் தப்பித்துப்போவது அவனுக்குப் பத்தவில்லை. ஒன்றும் தெரியாதவர், பழியைத் தூக்கி வீட்டு ஆள் மேல் போடுகிறவர், பொய்யர் என்று எல்லாப் பேரும் ஒரேயடியாக வந்து விழ வேண்டும் என்று தோன்றியது.

"இல்லீங்க" என்றான். "எல்லாம் அத்தான்தான் பண்ணுவார். எனக்கு இதெல்லாம் வராதுங்க."

யாரோ "சே" என்றார்கள். வகுப்பு ஆள் ஒருவர் எழுந்து வெளியே போனார். அத்தான் உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு நாக்கு வரை இனித்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படி இனித்தது.

"சரி" என்றார் நடுவர். "பழசெல்லாம் உங்களுதுதான்னு மச்சானே சொல்லிட்டார். மீன்காரிய நான் இன்னும் மறக்கல. அந்த மாதிரி ஒரு வெளிச்சத்த நான் பார்த்ததே இல்ல. அவளைச் செஞ்ச கை இப்படியா தப்பு பண்ணும்? அடுத்த வருஷம் ஒழுங்கா வாங்க."

அத்தான் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வர்றேங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் மீன்காரி போய்விட்டாள் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. சபையறிய அவனே எடுத்துக் கொடுத்திருந்தான். அத்தானை இனி உலகம் எவ்வளவு திட்டினாலும், அந்த முகத்துப் பாதி வெயில் அவருடையதுதான்.

வாசலில் அத்தான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அந்த அம்மா உன்னைக் கேட்டப்போ நான் எழுந்து நின்னேன்டா" என்றாள். "ஆமாம், என் தம்பிதான் பண்றான், என் வீட்டு பால்கனியில உட்கார்ந்து பண்றதை என் கண்ணால பார்த்திருக்கேன்னு சொல்லத்தான் எழுந்தேன். அவர் என்னை என்ன பண்ணினாலும் பரவாயில்லைன்னு எழுந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்ல."

"அக்கா…"

"நீ அந்த ஆளையே பார்த்துட்டு நின்னே" என்றாள்.

கார் வந்து நின்றது. அவள் முன் சீட்டில் ஏறி, அத்தான் நீட்டிய பொம்மைப் பெட்டியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.