செங்கல் நிறம்

மேலகரத்தில் குடியிருந்த சுந்தரபாண்டியன் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 1986-ஆம் வருஷம் அவருடைய வலது முழங்கால் அறவே தேய்ந்துபோயிருந்தது. மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் உலோக மூட்டு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். வைக்கலாம், ஆனால் சர்க்கரை இவ்வளவு இருந்தால் புண் ஆறாது, உள்ளே சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டிவரும், மூன்று மாதம் கட்டுக்குள் வைத்திருந்ததாக உங்கள் ஊர் டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தென்காசி டாக்டர் அனந்தநாராயணன் வாரம் ஒருமுறை சிறுநீரைப் பார்த்தார். நீலக் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். ஏட்டு சோற்றைக் குறைத்தார், காப்பியில் சீனியை நிறுத்தினார். ஐந்து வாரமாகியும் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. வலியோ ராத்திரி பகல் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் மனைவி வள்ளித்தாயிடம் புட்டியைக் கொடுத்து, அவளுடையதைப் பிடித்துத் தரச் சொன்னார். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

குழாயில் நீலம் நிற்கவில்லை. மஞ்சளையும் தாண்டிச் செங்கல்லாகச் சிவந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டையா, இது உங்களுதுதானா?"

போலீசில் இருந்தபோது இதே மாதிரி எத்தனையோ பேரை ஏட்டு கேட்டிருக்கிறார். பதில் சொல்ல முடியாதவன் எங்கே பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும். தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டம்மாவோடது சார்."

டாக்டர் திட்டவில்லை. அன்று சாயங்காலமே அவளைக் கூட்டிவரச் சொன்னார். வந்தவளின் இடது கால் சுண்டுவிரலில் கறுத்துப்போன புண். இரண்டு மாதமாக இருக்கிறதாம், மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாளாம், வலியே இல்லையாம். ஏன் சொல்லவில்லை என்று ஏட்டு கேட்டார்.

"நீங்க முட்டு வலின்னு கெடந்திய. இதுல நான் வேற என்னத்தச் சொல்ல?"

விரலை எடுக்கும்படி ஆயிற்று. இப்போதைக்கு வர இயலாது என்று ஏட்டு மெட்ராஸுக்கு எழுதிப்போட்டார். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து இன்சுலின் போடக் கற்றுக்கொண்டார், முதலில் அவளுக்கு, பிறகு தனக்கு. அவருடைய குழாயில் பச்சை தெரிய எட்டு மாதம் பிடித்தது.

அடுத்த வருஷம் ஆப்பரேஷன் நடந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவருக்குத் தையல் ஆறப் பத்து நாள் ஆனது. கால் முழுதாக மடங்காது, சம்மணம் போட முடியாது. ஆனால் கம்பில்லாமல் குற்றாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

தினமும் குளித்துவந்ததும் வள்ளித்தாய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் மடியில் பாதத்தை வைக்க வேண்டும். ஆரம்பத்தில் கூச்சப்பட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்துப் பார்ப்பார். சில நாள், பார்த்து முடித்த பிறகும் பாதத்தை உடனே கீழே விடுவதில்லை.